கையில் ஒரு மோதிரம், அதில் கொஞ்சம் காசு

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்தது. அண்ணன் யாரையும் பிடித்துக்கொள்ளாமல் வாசல்வரை நடக்கிறார் என்று படித்ததும் அவ்வளவு நிம்மதி. வலி இருந்தாலும் பிசியோதெரபியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்கு லீட்ஸில் வேலை கிடைத்துவிட்டது, வீடு கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். போனை எடுத்து, ஸ்கேன் பண்ணி, பின் நம்பர் போடுவதற்குள் அவருக்குக் கை நடுங்கிவிடுகிறது, அதனாலேயே கடைக்குப் போவதை விட்டுவிட்டார் என்று எழுதியிருந்தாய். கடையில் கார்டு மெஷினில் காட்டிப் பணம் கொடுக்க நான் போட்டிருக்கும் மோதிரம் அவருக்குப் பயன்படுமா என்று கேட்டாய். பயன்படும். ஆனால் மதுரையில் எல்லா இடத்திலும் பயன்படாது.

முடக்குவாதம் வந்த பிறகு காலை வேளையில் என் விரல்கள் மடங்குவதில்லை. பர்ஸின் ஜிப்பை இழுக்க வராது. இழுத்தாலும் உள்ளே வரிசையாகச் செருகியிருக்கும் வங்கி அட்டையை நெம்பி எடுக்க வராது. பின்னால் நிற்பவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனாலும் எனக்கு வியர்த்துவிடும். கடைசியில் கல்லாவில் இருக்கும் பெண்ணிடம் பர்ஸையே நீட்டி, "நீயே எடுத்துக்கொள்ளம்மா" என்பேன். வலியைவிட அதுதான் எனக்குப் பெரிய வேதனை. இத்தனை வருஷம் சம்பாதித்த கை, கறிவேப்பிலைக்குக் காசு கொடுக்க முடியாமல் நிற்கிறதே என்று இருக்கும். இப்போது கையை மடக்கி, கதவைத் தட்டுவதுபோல் மெஷினுக்கு நேரே கொண்டுபோனால் போதும். ஒரு சத்தம் வரும், முடிந்தது. ஒரு கை போதும் என்பதுதான் அண்ணனுக்கு முக்கியம். நல்ல கையில், இடது கையிலேயே போட்டுக்கொள்ளட்டும்.

இதில் பேட்டரி கிடையாது, சார்ஜ் போட வேண்டாம். உள்ளே ஒரு சின்ன சிப், அதோடு மெல்லிய கம்பிச்சுருள். மோதிரம் கார்டு மெஷினுக்குப் பக்கத்தில் போனதும் மெஷினிலிருந்து வரும் அலைதான் சிப்புக்கு மின்சாரம். அதனால் தண்ணீர் பட்டாலும் பயமில்லை, நான் போட்டுக்கொண்டேதான் பாத்திரம் கழுவுகிறேன். தங்கத்தில் செய்து தரமாட்டார்களா என்று கேட்டாயே, விரலைச் சுற்றி முழு உலோக வளையம் இருந்தால் அது அந்த அலையைக் கெடுத்துவிடும். அதனால் என்னுடையது பீங்கான் மாதிரி ஒரு பொருள், சிர்கோனியா என்கிறார்கள். கறுப்பாக, கொஞ்சம் தடிமனாக இருக்கும். சுருள் சின்னது என்பதால் மெஷினைக் கிட்டத்தட்ட தொட வேண்டும், சிப் இருக்கும் பக்கம் மெஷினைப் பார்த்திருக்க வேண்டும். இந்தப் பழக்கம் வரக் கொஞ்ச நாள் ஆகும்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் விசா நிறுவனம் தான் ஆதரித்த விளையாட்டு வீரர்களுக்கு இப்படி ஒரு மோதிரம் கொடுத்தது. ஓடுகிறவர்களும் நீந்துகிறவர்களும் போட்டுக்கொண்டார்கள். எனக்கென்னவோ, இதை முதலில் காட்ட வேண்டியது கை வராதவர்களிடம். விளம்பரத்தில் ஒரு வயதானவரின் கையை நான் இன்னும் பார்க்கவில்லை, அது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

திருட்டுப் பயம் வேண்டாம். மோதிரத்தில் அட்டை நம்பர் இருக்காது, அதற்குப் பதிலாக வேறொரு நம்பர்தான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு புது ரகசியக் குறி போகும். கை குலுக்குகிறவர் அட்டை நம்பரைத் திருடிவிட முடியாது. தொலைந்தால் போனிலேயே முடக்கிவிடலாம்.

இந்த ஊருக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. லண்டன் பஸ்ஸில் 2014 ஜூலையிலிருந்து காசே வாங்குவதில்லை. அதே வருஷம் செப்டம்பரில் டியூப் என்கிற சுரங்க ரயிலிலும் வங்கி அட்டையைத் தொட்டுவிட்டுப் போகலாம் என்று ஆக்கினார்கள். அட்டையைத் தொட வேண்டிய மஞ்சள் வட்டத்தில் மோதிரத்தை வைத்துவிட்டுப் படியேறுகிறேன். டியூபில் மட்டும் ஒன்று கவனம்: மோதிரத்தால் உள்ளே போனால் மோதிரத்தால்தான் வெளியே வர வேண்டும். ஒரே கணக்காக இருந்தாலும் அட்டை வேறு, மோதிரம் வேறு என்றுதான் கதவு நினைக்கும், அதிகபட்சக் கட்டணத்தைப் பிடித்துவிடும்.

குறையும் இருக்கிறது. இங்கே 2021 அக்டோபரில் பின் இல்லாமல் தொட்டுப் பணம் கொடுக்கும் வரம்பை 100 பவுண்டு ஆக்கினார்கள், அது எனக்குத் தாராளம். ஆனால் தொடர்ந்து பல தடவை தொட்டால், பாதுகாப்புக்காக நடுவில் ஒருமுறை பின் கேட்பார்கள். மெஷின் 'அட்டையைச் செருகவும்' என்று காட்டும், மோதிரத்தை எங்கே செருகுவது? அதனால் பையில் ஓர் அட்டை எப்போதும் இருக்கும். இன்னொன்று, அட்டைக்குப் போலவே என் மோதிரத்துக்கும் காலாவதித் தேதி உண்டு. சிப்பை மட்டும் மாற்ற வழியில்லை, மோதிரத்தையே தூக்கிப்போட்டுப் புதிது வாங்க வேண்டும். நல்ல பொருளை இப்படிச் செய்து விற்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. காசு கொடுக்கும்முன் அண்ணனுக்கு வாங்குவது எத்தனை வருஷம் ஓடும் என்று கேட்டுவிடு.

இப்போது மதுரைக்கு வருவோம். உங்கள் தெருவில் காய்கறி வண்டி, டீக்கடை, பேப்பர் கடை எல்லாவற்றிலும் இருப்பது க்யூஆர் அட்டையும் பணம் வந்தது என்று கத்தும் ஸ்பீக்கரும்தான். அங்கே மோதிரத்துக்கு வேலையில்லை, அதற்குக் கார்டு மெஷின் வேண்டும். மெடிக்கல் ஷாப், சூப்பர் மார்க்கெட், பெட்ரோல் பங்க் மாதிரி இடங்களில் பார். மெஷினில் நாலு வளைகோடு போட்ட அலைச் சின்னம் இருந்தால் அநேகமாக நடக்கும். 2021 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் 5,000 ரூபாய்வரை பின் இல்லாமல் தொட்டுக் கொடுக்கலாம். நம் நாட்டு அட்டை முறையான ரூபேயில் 'செவன் ரிங்' என்று ஒன்று வந்திருக்கிறது, முன்பணம் போட்டு வைத்துச் செலவு செய்வது. சென்னை ஐஐடியில் படித்தவர்கள் தொடங்கிய மியூஸ் வேரபிள்ஸும் மோதிரம் செய்கிறார்கள். அண்ணனுக்கு முன்பணம் போடும் வகைதான் நல்லது என்பேன். ஆயிரமோ இரண்டாயிரமோ போட்டுக் கொடு, அப்புறம் அவர் என்ன வாங்கினார் என்று கேட்காதே. டீக்கடைக்கு மட்டும் சட்டைப்பையில் பத்து ரூபாய்த் தாள்களாக வைத்து அனுப்பு.

விரல் அளவைச் சாயங்காலம் எடு. காலையில் எடுத்தால் மாலை வீக்கத்துக்கு இறுக்கும். கழற்றிப் போடச் சுலபமாகக் கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும், ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும்போது கழற்றச் சொல்வார்கள்.

முதலில் அவர் வழக்கமாக மாத்திரை வாங்கும் கடைக்குப் போய் அந்த மெஷினைப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. அதில் அலைச் சின்னம் இருந்தால் மோதிரம் என் செலவு, நீ ஒன்றும் பேசக்கூடாது. அண்ணனுக்கு என் வணக்கம்.

உன்,
வசந்தா