கடலோரத்தில் கூடாரம் போட ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விடுமுறை வந்தால் டென்ட், பாய், ஸ்டவ் எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்பிவிடுகிற குடும்பம் எங்களுடையது. மாமல்லபுரம் பக்கத்துக் கூட்டம் எங்களுக்கு ஒத்துவராது. மனோராக் கோட்டையைத் தாண்டி கட்டுமாவடி, மணமேல்குடி, மீமிசல், தொண்டி என்று போகிற பாக் விரிகுடாக் கரைதான் பிடிக்கும். ஆழமில்லாத கடல்; மாசி, பங்குனியில் காற்று அடங்கிய நாட்களில் குளம் போலக் கிடக்கும்.

இவ்வளவு நல்ல கரையில் முறையாகக் கூடாரம் போட ஓர் இடம்கூட எங்கள் கண்ணில் பட்டதில்லை. ஊர்க்காரர்களைக் கேட்டு, அவர்கள் காட்டுகிற இடத்தில் போடுகிறோம். மணலில் முளைக்குச்சி நிற்காது. சாக்கில் மணலை ரொப்பி, அதில் கயிற்றைக் கட்டிப் புதைத்தால்தான் ராத்திரிக் காற்றுக்குத் தாங்கும். இதைச் சொல்லிக்கொடுத்தவர் வலை சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவர். "வலை காயப்போடுற எடத்துல மட்டும் அடிக்காதீங்க தாயி" என்றார், அவ்வளவுதான். விடியக்காலை படகு கரையேறும்போது நண்டும் மீனும் அங்கேயே வாங்கிச் சமைத்துவிடலாம்.

எல்லாம் சரி, கழிப்பறைக்கு எங்கே போவது? ஆண்கள் எப்படியோ சமாளித்துக்கொள்கிறார்கள். நானும் மகளும் இருட்டுகிற வரை அடக்கிக்கொண்டிருக்கிறோம். சாலையோரப் பெட்ரோல் பங்க் ஒன்றில் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. பெண்கள் இந்தப் பயணத்துக்கு ஏன் தயங்குகிறார்கள் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கேட்க ஆளில்லாத இடம் என்பதால் சிலர் செய்கிற காரியம் வயிற்றைக் கலக்குகிறது. சவுக்குத் தோப்பில் காய்ந்த சருகுமேலேயே தீ மூட்டுகிறார்கள். பாட்டிலை உடைத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். மீனவர்கள் வெறுங்காலில் நடக்கிற கரை அது. நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட 448 சதுர கிலோமீட்டர் கடலும் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டித்தான் இருக்கிறது. நாம் விட்டெறியும் பிளாஸ்டிக் பை, ஆவுளியா என்கிற அந்தக் கடற்பசு மேய்கிற கடற்புல்லில் போய்ச் சிக்கும். வடக்கே கோடியக்கரைப் பக்கம் பங்குனி ஆமை என்கிற கடலாமைகள் முட்டையிடுவதும் நாம் ஊர் சுற்றுகிற இதே மாதங்களில்தான். கரையில் பளிச்சென்று விளக்குப் போட்டால், பொரிந்து வரும் குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தைப் பார்த்து நகர்ந்துவிடும்.

நான் ரிசார்ட் கேட்கவில்லை. ஊராட்சி நடத்துகிற ஒரு திடல், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, ஒரு தண்ணீர்க் குழாய், குப்பைத் தொட்டி, இரவில் ஒரு காவலர், இவ்வளவு போதும். கட்டணம் வாங்கட்டும், சந்தோஷமாகக் கொடுப்போம். சாப்பாட்டை உள்ளூர் மகளிர் குழு சமைத்துத் தரலாம். 2018இல் கஜா புயலில் தென்னையையும் படகையும் இழந்த ஊர்களுக்கு இந்த வருமானமும் வேண்டும். ஆனால் படகு நிறுத்துகிற, வலை உலர்த்துகிற இடத்தைத் தொடக்கூடாது. மீனவர்களைக் கேட்டுத்தான் திடலைக் குறிக்க வேண்டும்.

முதலில் மனோராவில் ஒன்று, மணமேல்குடியில் ஒன்று தொடங்கிப் பார்க்கலாம். சுற்றுலாத் துறையும் இரு மாவட்ட நிர்வாகங்களும் வரும் தை மாதத்துக்குள் இதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி, தஞ்சாவூர்