ஆண்டு விழா நாடகம் குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பிப்ரவரி முதல் வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு நம் பள்ளி ஆண்டு விழா. பரிசளிப்பு, பாட்டு, ஒயிலாட்டம் எல்லாம் வழக்கம்போல உண்டு. இந்தக் கடிதம் கடைசியில் வரும் நாடகத்தைப் பற்றி மட்டும். ஒன்பதாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் 1964 தனுஷ்கோடிப் புயலை நாடகமாகப் போடுகிறார்கள். விஷயம் வெளியே தெரிந்ததும் உங்களில் சிலர் என்னை வந்து பார்த்தீர்கள். ஒருவர் கொஞ்சம் கோபமாகவே. ஆளுக்கொரு பதில் சொல்வதைவிட எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பிள்ளைகள் முதலில் எழுதிக்கொண்டு வந்தது வேறு நாடகம். பாதிக்கு மேல் பாம்பன் பாலம். புயலில் சிதைந்த பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் சரிசெய்து மறுபடி ரயில் ஓட வைத்த கதை. பெரிய காரியம்தான், மறுக்க முடியாது. இன்னொரு காட்சியில் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் வந்தார்கள். அந்தப் புயல் சமயத்தில் ராமேசுவரத்தில் இருந்து தப்பியவர்கள் அவர்கள். நம் பக்கம் யார் புயல் கதை சொன்னாலும் அவர்களைச் சொல்லாமல் முடிக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் படித்துக் காட்டி முடித்த பிறகு ஒரு பெண், "ரயில்ல போனவங்களோட வீட்டு ஆளுங்க எங்க டீச்சர்?" என்று கேட்டாள். எழுதியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கே பாலம் போய்விட்டது, சினிமாக்காரர்களும் போய்விட்டார்கள்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய பாசஞ்சர் ரயில், ஊரை நெருங்கும்போது கடல் எழும்பி அடித்ததில் அப்படியே போய்விட்டது. 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள் என்பது அரசுக் கணக்கு. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. மொத்தப் புயலில் இறந்தவர்கள் 1,800 பேருக்கு மேல் என்று சொல்வார்கள். ஊரில் மனிதர்கள் வாழ முடியாது என்று அரசு அறிவித்துவிட்டது. அதன் பிறகு தனுஷ்கோடிக்கு ரயிலே போகவில்லை. இன்று சுற்றுலா வேனில் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக்குப் போகிறவர்கள் இடிந்த தேவாலயத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

நாடகத்தில் ரயில் வராது, அலை வராது, பிணம் வராது. தகரத்தை அடித்துக் கடல் சத்தம் கொடுத்துப் பார்த்தோம். வேடிக்கை பார்க்க வந்த ஆறாம் வகுப்புப் பையன் பயந்து அழுதான். தகரத்தை மாடிக்கே அனுப்பிவிட்டோம். மேடையில் இருப்பது ஒரு மேசை, ஒரு பேரேடு, ஒரு அரிக்கேன் விளக்கு. மேசைக்குப் பின்னால் ரயில்வே எழுத்தராக ஒரு பையன். ஒரு தாய் வந்து மகனைக் கணக்கில் சேர்க்கச் சொல்கிறாள். டிக்கெட் விற்ற கணக்கில் அவ்வளவு பேர்தான் என்கிறான் அவன். "அவன் டிக்கெட் எடுத்தானான்னு எனக்குத் தெரியாதுய்யா, நான் காசு குடுத்து விடல" என்கிறாள் அவள். முப்பது வருடமாக வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துப் பெயர் கூப்பிடுகிற எனக்கு, அந்த இடத்தில் உட்கார முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து வெளியே போய்விட்டேன்.

அந்தத் தாய் வேடத்துப் பிள்ளை முதலில் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். நன்றாகத்தான் அழுதாள். ஒரு மாணவனின் பாட்டி ஒத்திகை பார்க்க வந்திருந்தார்கள். புயல் அன்று தனுஷ்கோடியில் ஏழு வயதுச் சிறுமியாக இருந்தவர்கள். (அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.) கையைக் காட்டி நிறுத்தினார்கள். "அன்னைக்கு யாரும் அழலம்மா. குடிக்க நல்ல தண்ணி எங்கன்னு தேடுனோம். அழுகையெல்லாம் தங்கச்சிமடம் வந்த பெறகு." இப்போது அந்தப் பிள்ளை வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து அதே வசனத்தைச் சொல்கிறாள். அழுவதில்லை.

பாட்டி இன்னொன்றும் சொன்னார்கள். ரயிலில் போன அவர்களுடைய சித்தப்பாவின் உடல் கிடைக்கவில்லை. எப்படியாவது கப்பலில் ஏறி இலங்கைக் கரையில் தலைமன்னார் போயிருப்பார் என்று வீட்டில் பேசிக்கொண்டார்களாம். கொழும்புக்குப் போகிறவர்கள் நம் ஊர் வழியாகத்தானே கப்பல் ஏறினார்கள், நம்பவும் இடம் இருந்தது. சித்தி ஏழு வருடம் பொட்டை எடுக்கவில்லை. திதியும் கொடுக்கவில்லை. இந்தியா முழுவதிலிருந்தும் செத்தவர்களுக்குத் திதி கொடுக்க ராமேசுவரம் அக்னி தீர்த்தக் கடற்கரைக்கு வருகிறார்கள். அந்தக் கரையிலேயே இருந்துகொண்டு, கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு குடும்பம் ஏழு வருடம் இருந்திருக்கிறது. நாடகத்தின் இரண்டாம் பாதி இதுதான். அந்தக் குடும்பத்தின் பெயரோ அடையாளமோ மேடையில் வராது.

இனி உங்கள் கேள்விகள். நாடகத்தில் வரும் ஒப்பாரியைப் பிள்ளை வீட்டில் விளக்கு வைக்கிற நேரத்தில் பாடிப் பழகுகிறாள் என்று ஒரு அம்மா வருத்தப்பட்டார்கள். அது எங்கள் தவறு. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இனிப் பழக்கம் பள்ளியில் மட்டும். நாடகத்திலும் நான்கு வரிக்கு மேல் கிடையாது.

டிசம்பர் 22 அன்றே ஏன் போடவில்லை என்றும் கேட்டீர்கள். அப்போது அரையாண்டுத் தேர்வு, மழை வேறு. அதைவிட, அந்த நாளில் தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் போய் வேண்டிக்கொள்ளும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அன்று மைக் வைக்க எனக்கு மனமில்லை.

பழைய துக்கத்தைப் பிள்ளைகள் தலையில் ஏன் ஏற்ற வேண்டும் என்பது கோபமாக வந்த அப்பாவின் கேள்வி. அவருக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் அப்பாவையோ அண்ணனையோ கடலில் இழந்த பிள்ளைகள் நம் வகுப்புகளிலேயே இருக்கிறார்கள். அவர்களை வகுப்பாசிரியர்கள் தனியாகக் கூப்பிட்டு, வேண்டாம் என்றால் அன்று வரவே வேண்டாம் என்று சொன்னார்கள். ஒரு பையன் யோசித்துவிட்டு, "நடிக்கல டீச்சர், லைட் நான் போடுறேன்" என்றான். அவன்தான் லைட் போடுகிறான். உங்கள் பிள்ளைக்கு இது ஒத்து வராது என்று தோன்றினால் ஒரு வரி எழுதி அனுப்புங்கள், காரணம் கேட்க மாட்டோம்.

ஒத்திகை தினமும் 5.30க்கு முடியும். பெண் பிள்ளைகளை ஆசிரியர்கள் பேருந்து ஏற்றிவிட்டுத்தான் கிளம்புவார்கள். பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் யாரும் இதில் இல்லை, பொதுத்தேர்வு பற்றிய கவலை வேண்டாம்.

நாடகத்தின்போது தயவுசெய்து செல்போனில் வீடியோ எடுக்காதீர்கள். முன்வரிசை நாற்காலிகள் புயலைப் பார்த்த பெரியவர்களுக்கு. வீட்டில் அப்படி யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள். ஆட்டோ தேவைப்பட்டால் வகுப்பாசிரியரிடம் முந்தின நாளே சொல்லுங்கள். பக்கத்துக் கதவைத் திறந்தே வைத்திருப்போம். நடுவில் எழுந்து போக நினைப்பவர்கள் போகலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பின்குறிப்பு: அரிக்கேன் விளக்கு இன்னும் ஒன்று தேவை. கடையில் வாங்கியது பொம்மை மாதிரி இருக்கிறது. பரணில் பழையது கிடந்தால் கொடுத்து விடுங்கள். கண்ணாடி உடைந்திருந்தாலும் பரவாயில்லை, விழா முடிந்ததும் துடைத்துத் திருப்பித் தந்துவிடுகிறோம்.