எங்கள் படிப்பகக் கணினியைப் பேச வைத்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் படிப்பகத்தில் இருப்பது ஒரே ஒரு கணினி. லினக்ஸ் மிண்ட் 21 என்ற இயங்குதளம் போட்டிருக்கிறோம். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பயனர் கணக்கு, பேப்பர் படிக்க வரும் பெரியவர்களுக்கு ஒன்று, பார்வையற்ற அண்ணன் ஒருவருக்குத் தனியாக ஒன்று. அண்ணனின் கணக்கில் ஆர்க்கா என்ற திரைவாசிப்பான் ஓடும். திரையில் இருப்பதை, எழுத்தைப் பேச்சாக்கும் ஈஸ்பீக் நிரலின் குரலில் படித்துச் சொல்லும். மற்றவர்களுக்குச் சத்தம் வரவில்லை என்றால் பாட்டுதான் போச்சு. அவருக்குக் கணினியே போச்சு. அந்தச் சத்தம் சில நாள் வரும், சில நாள் வராது. இப்போது சரியாகிவிட்டது. அதற்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி அந்த அண்ணனுக்கே. நாங்கள் எல்லோரும் ஸ்பீக்கரையும் ஒயரையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தபோது, “பிள்ளைகள் வருவதற்கு முன்னால் உட்கார்ந்தால் பேசுகிறது, அவர்கள் எழுந்த பிறகு உட்கார்ந்தால் பல நேரம் பேசுவதில்லை” என்று கவனித்துச் சொன்னவர் அவர்தான். ஸ்பீக்கரைச் சோதித்துப் பார்த்து, “இதில் ஒன்றுமில்லை, புதுசு வாங்காதீர்கள்” என்று காசு வாங்காமல் திருப்பித் தந்த கடைக்காரருக்கும் நன்றி. எத்தனை பேர் அப்படிச் சொல்வார்கள்?

அப்புறம், கல்லூரியில் படிக்கும் நம் தெருத் தங்கை. “எல்லாக் கணக்கையும் ஆடியோ குழுவில் சேர்த்துவிடுங்கள்” என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஆடியோ குழு என்பது ஒலிச்சாதனத்தை எப்போதும் தொட உரிமை உள்ள கணக்குகளின் பட்டியல். தங்கை எதையும் சேர்க்காமல், யார் யார் ஏற்கெனவே அதில் இருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்த்தார். பிள்ளைகளின் கணக்கு அதில் இருந்தது. வினையே அங்கேதான்.

அவர் விளக்கியது இது. இன்றைய லினக்ஸில் ஒலிச்சாதனத்தைத் தொடும் உரிமையை சிஸ்டம்டி-லாகின்டி என்ற நிரல் கவனிக்கிறது. அந்த நேரத்தில் திரைக்கு முன்னால் யாருடைய கணக்கு இருக்கிறதோ அவருக்கு உரிமையைக் கொடுக்கும். ஆள் மாறினால் பழையவரிடமிருந்து எடுத்துப் புதியவரிடம் கொடுக்கும். ஆடியோ குழுவில் இருப்பவரிடம் இந்த எடுத்துக்கொள்ளல் பலிக்காது. அவர் பின்னணியில் இருந்தாலும் உரிமை அவரிடமே இருக்கும். நம் பிள்ளைகள் என்றைக்கு லாக் அவுட் செய்தார்கள்? பாட்டை ஓடவிட்டு, தங்கள் கணக்கை மூடாமலே ஆள் மாற்றும் ‘ஸ்விட்ச் யூசர்’ அழுத்திவிட்டு ஓடிவிடுவார்கள். அவர்களுடைய பல்ஸ் ஆடியோ (ஒவ்வொரு கணக்கிலும் தனித்தனியாக ஓடி, ஒலியை அட்டைக்கு அனுப்பும் நிரல்) ஒலி அட்டையைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அண்ணனின் பல்ஸ் ஆடியோவுக்கு அட்டை கிடைக்காமல் ‘டம்மி அவுட்புட்’, அதாவது சத்தம் எங்கும் போகாத பொய் வெளியீடு, என்று காட்டும். பாட்டு எதுவும் ஓடவில்லை என்றால் சில விநாடிகளில் பல்ஸ் ஆடியோ தானே அட்டையை விட்டுவிடுமாம். அதனால்தான் சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை.

இன்னொன்றும் சொன்னார். ஆடியோ குழுவில் இருக்கும் கணக்கு, வேறொருவர் உட்கார்ந்திருக்கும்போதும் மைக்கைக் கேட்க முடியும். பொதுக் கணினியில் இது வேண்டவே வேண்டாம்.

பிள்ளைகளின் கணக்கைக் குழுவிலிருந்து நீக்க ஒரே ஒரு கட்டளை. கணினியை மறுபடி தொடங்கி, வேண்டுமென்றே பாட்டை ஓடவிட்டு ஆள் மாற்றிப் பார்த்தோம். பாட்டு நின்றது, ஆர்க்கா பேசியது. அண்ணன் சிரித்துவிட்டு உடனே வேகத்தைக் கூட்டிக்கொண்டார். அந்த வேகத்தில் எங்களுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது.

பெரியவர்களுக்கு ஒரு குறை உண்டு. தங்கள் கணக்கில் போட்ட வானொலிச் செய்தி, ஆள் மாறினாலும் பின்னால் ஓட வேண்டும் என்று கேட்டார்கள். எல்லாப் பயனருக்கும் ஒரே பல்ஸ் ஆடியோவைப் பொதுவாக ஓட்டும் வழி இருக்கிறது என்று நண்பர் ஒருவர் தொலைபேசியில் பொறுமையாக விளக்கினார். அவருக்கும் நன்றி. ஆனால் சாதாரண மேசைக்கணினிக்கு அதைப் பல்ஸ் ஆடியோவை எழுதியவர்களே பரிந்துரைப்பதில்லை. செய்தியைக் கைபேசியில் கேளுங்கள் ஐயா என்று கேட்டுக்கொண்டோம்.

லினக்ஸில் ஒலி அட்டையை இயக்கும் அடித்தள மென்பொருளான ஆல்சாவைத் தொடங்கிய யாரோஸ்லாவ் கைசெலா, பல்ஸ் ஆடியோ தந்த லென்னார்ட் போட்டரிங், ஆர்க்காவைப் பல ஆண்டுகள் பராமரித்துவரும் ஜோன்மேரி டிக்ஸ், ஈஸ்பீக்கை உருவாக்கிய ஜோனதன் டடிங்டன் ஆகியோருக்கு எங்கள் படிப்பகம் இருப்பதே தெரியாது. அவர்களுக்கும் எங்கள் வணக்கம்.

அடுத்த விடுமுறையில் மிண்ட் 22-க்கு மாறப்போகிறோம். அதில் பல்ஸ் ஆடியோவுக்குப் பதில் பைப்வயர் என்ற புதிய ஒலி நிரல். தங்கை வருவதாகச் சொல்லியிருக்கிறார். கூட வந்து பார்க்க விரும்புகிறவர்கள் வாருங்கள். படிப்பகச் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

அன்புடன்,
படிப்பகப் பொறுப்பாளர்