திரைதான் கறுத்திருக்கிறது, பாப்பா

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பா,

நேற்று நீ போனில் பேசி வைத்ததிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். "லேப்டாப் போச்சுப்பா, மதர்போர்டு போயிடுச்சாம், விட்டுடலாம்" என்று நீ சொன்னபோது, உன் குரலில் லேப்டாப்பைவிடப் பணத்தைப் பற்றிய கவலைதான் அதிகம் இருந்தது. ஆனால் நீ சொன்னதை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மதர்போர்டு போனதற்கான அறிகுறி ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை. போனில் விளக்கினால் பாதியில் யாராவது கூப்பிடுவார்கள், நீயும் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இதைச் செல்போனில் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவசரப்படாமல் ஒவ்வொன்றாகச் செய்து பார்.

பட்டனை அழுத்தியதும் கம்பெனி லோகோ வருகிறது, அதற்கப்புறம்தான் கறுப்பாகிறது என்று சொன்னாய் அல்லவா, அதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். அந்த லோகோவைக் காட்டுவது நீ புதிதாகப் போட்ட லினக்ஸ் மின்ட் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை. மதர்போர்டிலேயே இருந்து மெஷினை முதலில் எழுப்பிவிடும் பயாஸ் என்ற புரோகிராம் அது. லோகோ பளிச்சென்று தெரிகிறது என்றால் மதர்போர்டு, ராம், திரை, திரைக்குப் போகும் கேபிள் எல்லாமே அந்த நிமிடம் வரைக்கும் ஒழுங்காக வேலை செய்திருக்கின்றன. அதற்குப் பிறகுதான் பயாஸ் பொறுப்பை ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கொடுக்கிறது. கொடுத்த பிறகு கறுத்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது புதிதாகப் போட்ட சிஸ்டத்தை. லோகோவே வராமல் முதலிலிருந்தே கறுப்பாக இருந்தால் கதை வேறு. அப்போதுதான் ராமைக் கழற்றி, தங்க நிறப் பல்லை ரப்பரால் துடைத்து மாட்டிப் பார்ப்போம், அப்புறம்தான் போர்டுக்குப் போவோம்.

எஸ்.பி. ரோட்டில் நம் கடை மேசைக்கு இப்படி ஒரு மெஷின் வந்தால் நான் முதலில் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதே இல்லை, நீயே பார்த்திருக்கிறாய். ஆன் செய்து, லோகோவைப் பார்த்து, கறுத்த பிறகு கேப்ஸ் லாக்கில் விரலை வைப்பேன். நீயும் அதைச் செய். தட்டத் தட்ட அந்தச் சின்ன விளக்கு எரிந்து எரிந்து அணைகிறதா? அப்படியானால் உள்ளே சிஸ்டம் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கிறது, படத்தை மட்டும் திரைக்கு அனுப்பத் தெரியாமல் நிற்கிறது. விளக்கு அசையவே இல்லை என்றாலோ, நீ தொடாமலே அதுவாக விட்டுவிட்டு மின்னினாலோ, சிஸ்டம் நடுவிலேயே நின்றுவிட்டது. இரண்டில் எது என்று எனக்குச் சொல்ல வேண்டும்.

அடுத்து அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடித்துப் பார். இருட்டு அறையில் சுவர்க் காலண்டர் மங்கலாகத் தெரிகிற மாதிரி, லாகின் பெட்டியோ மின்ட்டின் வட்டமோ லேசாகத் தெரிந்தால், படம் வருகிறது, பின்னால் இருக்கும் பேக்லைட்தான் எரியவில்லை. அப்படியென்றால் பிரைட்னஸ் கூட்டும் பட்டனைப் பல தடவை அழுத்திப் பார், பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். ஹாஸ்டல் ஹாலில் டிவி இருக்கிறதே, அதற்கு ஒரு எச்டிஎம்ஐ கேபிள் மாட்டியும் பார்க்கலாம். அதில் படம் வந்தால் பாதிக் கவலை விட்டது.

மதர்போர்டு போச்சு என்று உன்னிடம் சொன்ன கடைக்காரர் லோகோவைப் பார்த்தாரா, கேப்ஸ் லாக்கைத் தட்டினாரா என்று கேட்டேன், இல்லை என்றாய். பார்க்காமலே பன்னிரண்டாயிரம் ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டார். அவரோடு நீ சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் மெஷினை அவரிடம் விட்டுவிட்டு வராதே.

இப்போது ஏன் இப்படி ஆனது என்று சொல்கிறேன், அது தெரிந்தால் உன் பயம் போய்விடும். மின்ட்டைப் பென்டிரைவில் போட்டுப் பார்த்தபோது நன்றாக வந்தது, இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் ஆனதும்தான் கறுத்தது என்று ஆச்சரியப்பட்டாய். பென்டிரைவில் முதல் வரியைத் தேர்ந்தெடுத்தபோது வரவில்லை, 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்ற வரியைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் வந்தது என்றும் போகிற போக்கில் சொன்னாய். விடை அதில்தான் இருக்கிறது, பாப்பா. அந்த வரி சிஸ்டத்திடம் 'நோமோட்செட்' என்ற ஒரு கட்டளையைச் சேர்த்துச் சொல்கிறது. திரையின் அளவையும் ரெசல்யூஷனையும் அமைக்கும் வேலையை முன்பு எக்ஸ் சர்வர் என்ற தனி புரோகிராம் செய்துகொண்டிருந்தது. 2009 வாக்கில் அந்த வேலை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. அதனால் பூட் ஆகும் ஆரம்பத்திலேயே கெர்னல் உன் கிராபிக்ஸ் சிப்பைத் தொட்டு, திரையை மாற்றப் பார்க்கும். அந்தச் சிப்பை ஓட்டத் தெரிந்த சரியான டிரைவர் புரோகிராம் இல்லையென்றால் அந்த இடத்தில்தான் கறுக்கும். நோமோட்செட் என்றால், "இப்போதைக்கு நீ திரையைத் தொடாதே, பயாஸ் கொடுத்தபடியே காட்டு" என்று பொருள். இன்ஸ்டால் ஆன சிஸ்டத்தில் அந்தக் கட்டளை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

உன் மெஷினில் இன்டெல் கிராபிக்ஸோடு என்விடியா சிப்பும் இருக்கிறது. மின்ட்டில் அந்தச் சிப்புக்கு முதலில் ஓடுவது நூவோ என்ற திறந்த டிரைவர். கம்பெனி தரும் விவரங்கள் பெரும்பாலும் இல்லாமல், சிப் எப்படி நடந்துகொள்கிறது என்று கவனித்துக் கவனித்தே பலர் சேர்ந்து எழுதிய டிரைவர் அது. எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் எல்லா மாடலுக்கும் அது ஒரே மாதிரி ஒத்துவராது. கம்பெனியின் சொந்த டிரைவரைப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதைப் போடுவதற்குத் திரை வேண்டும் என்பதுதான் சிக்கல். அதற்கு வழி இருக்கிறது.

மெஷினை முழுதாக அணைத்துவிட்டு ஆன் செய். லோகோ மறைகிற நொடியில் எஸ்கேப் பட்டனை ஒரே ஒரு தடவை தட்டு. சீக்கிரம் தட்டினால் சில கம்பெனி மெஷின்களில் பயாஸ் மெனு வந்துவிடும். பல தடவை தட்டினால், சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் புரோகிராமின் பெயரான 'க்ரப்' என்று எழுதி, பக்கத்தில் கர்சர் மின்னிக்கொண்டு நிற்கும். இரண்டிலும் ஒன்றும் கெட்டுவிடாது, அணைத்துவிட்டு மறுபடி ஆரம்பி. சரியாக விழுந்தால் லினக்ஸ் மின்ட் என்று முதல் வரியோடு ஒரு மெனு வரும். முதல் வரியில் நின்றுகொண்டு ஆங்கில 'ஈ' எழுத்தைத் தட்டு, என்டர் வேண்டாம். பல வரிகள் திறக்கும். 'லினக்ஸ்' என்று ஆரம்பிக்கும் வரியைத் தேடு, அது நீளமாக மடிந்து மடிந்து போகும். அதன் கடைசிப் பக்கம் 'கொயட் ஸ்ப்ளாஷ்' என்று இரண்டு சொல் இருக்கும். அந்த இரண்டையும் அழித்துவிட்டு, முன்னால் ஒரு இடைவெளி விட்டு, நோ, மோட், செட் மூன்றையும் சேர்த்து ஒரே சொல்லாகச் சின்ன எழுத்தில் அடி. வேறு எதையும் தொடாதே. பிறகு எஃப் 10.

கொயட் ஸ்ப்ளாஷை அழிக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அது இருந்தால் சிஸ்டம் என்ன செய்கிறது என்பதை மறைத்துவிட்டு லோகோவை மட்டும் காட்டும். அதை எடுத்துவிட்டால் வெள்ளை எழுத்து வரிவரியாக ஓடும். எங்கேயாவது நின்றுவிட்டால், கடைசி வரி தெரியும்படி போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. அந்த ஒரு வரி போதும், இங்கிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

இந்த மாற்றம் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான். தப்பாக அடித்தாலும் ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆகிவிடும், அதனால் தைரியமாகக் கையை வை. டைப் செய்யப் பிடிக்கவில்லை என்றால், அதே மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய், ரிக்கவரி மோட், அப்புறம் ரெஸ்யூம். அதுவும் ஏறக்குறைய இதே வழிதான்.

டெஸ்க்டாப் வந்ததும் எழுத்தெல்லாம் பெரிதாக, மெதுவாக இருக்கும். பிரைட்னஸ் பட்டன் வேலை செய்யாது. பதறாதே, நோமோட்செட்டில் அப்படித்தான் இருக்கும். வைஃபையில் சேர்ந்து, மெனுவில் 'டிரைவர் மேனேஜர்' திற. என்விடியா என்று சில வரிகள் வரும், 'ரெக்கமெண்டட்' என்று எழுதியிருப்பதைத் தேர்ந்தெடுத்து அப்ளை கொடு. சார்ஜர் மாட்டியிருக்கட்டும், பாதியில் மூடிவிடாதே.

இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். அறிமுகமில்லாத புரோகிராம்களைப் பூட் ஆகும்போது தடுக்கும் 'செக்யூர் பூட்' பயாஸில் ஆனில் இருந்தால், டிரைவர் ஏறும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். எளிதாக ஒன்று வைத்து, காகிதத்தில் எழுதிக்கொள். ரீஸ்டார்ட் செய்ததும் நீலத் திரை ஒன்று வரும். அதில் 'கன்டினியூ பூட்' என்பது மேலேயே இருக்கும், அவசரத்தில் என்டரைத் தட்டிவிடுவோம். தட்டக்கூடாது. கீழே இருக்கும் 'என்ரோல் எம்ஓகே'க்குப் போய், கன்டினியூ, யெஸ், பிறகு நீ வைத்த பாஸ்வேர்டு, ரீபூட். இதைத் தவறவிட்டால் டிரைவர் இருந்தும் கெர்னல் அதை உள்ளே விடாது, மறுபடி கறுப்பைப் பார்த்துவிட்டு அழுவாய்.

மின்ட் போட்டது தப்போ என்று கேட்டாய். இல்லை. 2017இல் வாங்கிய மெஷின், ஏழாம் தலைமுறை பிராசஸர். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல்லைப் பொதுவாக ஏற்றுக்கொள்வதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. நீ போட்டிருக்கும் மின்ட் 22க்கு 2029 வரை அப்டேட் வரும். உன் படிப்பு முடியும்வரைக்கும் அந்த மெஷின் தாராளமாக ஓடும். ஃபைல்களை எல்லாம் முன்னாடியே வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துவைத்துவிட்டுத்தானே இதில் இறங்கினாய், அதைக் கேட்டு எனக்கு ரொம்பச் சந்தோஷம். மோசமாகப் போனால் மறுபடி ஒரு தடவை இன்ஸ்டால் செய்வோம், இழக்க ஒன்றும் இல்லை.

பணத்தைப் பற்றி நீ யோசிக்காதே. புதுசு வாங்க வேண்டிய நிலை வந்தால் நான் வாங்கித் தருவேன், அது என் வேலை. ஆனால் நல்லா இருக்கும் மெஷினை நாலு பேர் சொன்னதைக் கேட்டுத் தூக்கிப்போட என் மனசு ஒப்பவில்லை. நீ பிளஸ் டூ முடித்தபோது நானும் அம்மாவும் பார்த்துப் பார்த்து வாங்கியது.

நாளைக்கு மத்தியானம் உனக்கு கிளாஸ் இல்லை என்று அம்மா சொன்னாள். சாப்பிட்டுவிட்டு உட்கார். நான் கடையில்தான் இருப்பேன், போனைக் கையிலேயே வைத்திருப்பேன். கேப்ஸ் லாக் எரிந்ததா, டார்ச் அடித்ததும் ஏதாவது தெரிந்ததா, இந்த இரண்டையும் முதலில் அனுப்பு. எதற்கும் மசியவில்லை என்றால், அடுத்த வாரம் உன் பெரியப்பா திருச்சிக்கு வருகிறார், அவர் கையில் சார்ஜரோடு கொடுத்துவிடு. நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா