புளி போட்டுத் தேய்க்காதே

அன்பு மகளுக்கு,

இங்கே நலம். வாட்சப்பில் போட்டோ மட்டும்தான் வருகிறது, உன் குரல் வரக்காணோம். அதனால் பேனாவை எடுத்தேன்.

லண்டன் போர்ட்டபெல்லோ சந்தையில் நீ வாங்கிய, மருந்து நிறுக்கும் பழைய எடைகள் அருமை. கம்பவுண்டர் பேத்தி என்று காட்டிவிட்டாய்! ஆனால் நீ நினைப்பதுபோல் அதில் இருப்பது 3 கிரெயின் இல்லை; கிரெயின் அந்தக் காலத்து மருந்து எடையில் மிகச் சிறியது. 3 போல வளைந்திருப்பது டிராமின் குறி. அதன் தலையில் இன்னொரு கோடு ஏறினால் அவுன்ஸ். சந்தேகமாக இருந்தால் நிறுத்துப் பார். 20 கிரெயின் ஒரு ஸ்குரூப்பிள், 1.296 கிராம். மூன்று ஸ்குரூப்பிள் ஒரு டிராம், 3.888 கிராம். 1.77 கிராம் காட்டினால் அது மற்ற சரக்கு நிறுக்கும் டிராம், மருந்து டிராம் இல்லை. மருந்து டிராமை உங்கள் ஊரில் 1971-லேயே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஒன்று மட்டும் கேள், தேய்க்காதே. போட்டோவில் பளபளவென்று இருக்கிறது. கறுப்பு இருந்தால் இருக்கட்டும். தேய்த்தால் முத்திரை மழுங்கும், எடையும் குறையும்.

அந்தப் போட்டோவை நாலைந்து தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். உன் உள்ளங்கையில் சதுரத் தகடு, ஓரத்தில் கிரீட முத்திரை. விரலில் மோதிரம் இல்லை. பாலிஷ் போடும்போது கழற்றி வைத்திருப்பாய் என்று அம்மாவிடம் சொன்னேன். மாப்பிள்ளை சௌக்கியமா என்று கேட்டு எழுதச் சொன்னாள். கை மெலிந்திருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடு.

நேற்று தாத்தாவின் எடைப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். அரை ஸ்குரூப்பிளில் குறியே இல்லை, வெறும் மஞ்சள் தகடு. ஆசாரியிடம் கொடுத்து நிறுத்தேன். 0.648 கிராம் இருக்க வேண்டியது 0.59 தான் இருக்கிறது. தாத்தா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை புளி போட்டுத் தேய்த்தவன் நான்தான்.

பொங்கலன்று ராத்திரி நீ கூப்பிட்டாய். "கொஞ்ச நாள் அங்கே வந்து இருக்கட்டுமாப்பா?" என்றாய். நல்ல நாளும் அதுவுமாய் இது என்ன பேச்சு, அனுசரித்துப் போ என்று சொல்லி போனை அம்மாவிடம் நீட்டிவிட்டேன். அவள் வாங்குவதற்குள் நீ வைத்துவிட்டாய். என்ன ஏது என்றுகூட நான் கேட்கவில்லை. அது என் தப்பும்மா. பக்கத்து வீட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அதற்குப் பயந்தேன்.

மாடி அறைக்குப் புது ஃபேன் மாட்டியாகிவிட்டது. டிக்கெட்டுக்குப் பணம் போடவா, சொல். எடைகளைப் பஞ்சில் சுற்றி எடுத்து வா. துடைக்க வேண்டாம், இருக்கிறபடியே கொண்டு வா.

அப்பா