முதலில் ஈறை ஒழுங்காக அளந்துகொள்

அன்புள்ள கண்மணிக்கு,

ஈறு நோய்க்கு மரபணுக் காரணம் தேடும் உன் ஆய்வுத் திட்டத்தை முழுக்கப் படித்தேன். எந்த மரபணு, எத்தனை சாம்பிள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். யாரை நோயாளி என்று எடுத்துக்கொள்ளப் போகிறாய் என்பதற்கு மட்டும் இரண்டே வரி. எனக்குக் கவலை அங்கேதான்.

மரபுக்குப் பங்கு உண்டு, அதில் சந்தேகம் வேண்டாம். 1970-இல் தொடங்கி 15 ஆண்டுகள் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைக் கவனித்த ஆய்வு உனக்குத் தெரியும். 480 பேர், பல் துலக்கும் பழக்கமே இல்லாதவர்கள், பல்லெல்லாம் காரை. அப்படியும் நோய் வேகமாக முற்றியது சுமார் 8 சதவீதம் பேருக்குத்தான். 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. 2000-இல் வெளியான 117 ஜோடி இரட்டையர் ஆய்வு, ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி மரபால் வருவது என்றது. ஒருவர் இந்த நோயில் இழந்த, பல்லைத் தாங்கும் எலும்பில் பாதிக்கு மரபணு காரணம் என்று அதைப் படித்துவிடாதே.

இனி புரோபுக்கு, அதாவது பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு ஆழம் பார்க்கும் அளவுக் கம்பிக்கு வருகிறேன். பல்லுக்கு ஆறு இடம், கன்னப் பக்கம் மூன்று, உள்பக்கம் மூன்று. அழுத்தம் சுமார் 25 கிராம். வீங்கிய ஈறில் அதற்கு மேல் அழுத்தினால் முனை திசுவுக்குள் இறங்கி, இல்லாத ஆழத்தைக் காட்டும். பாக்கெட் ஆழத்தை, அதாவது ஈறு விளிம்பிலிருந்து அந்த இடுக்கின் அடி வரை உள்ள அளவை மட்டும் குறித்துக்கொண்டு வந்துவிடாதே. பாக்கெட் 3 மி.மீ., ஈறு, எனாமல் முடிந்து வேர் தொடங்கும் எல்லையிலிருந்து 4 மி.மீ. கீழே இறங்கியிருக்கிறது என்று வை. அந்த எல்லையிலிருந்து பாக்கெட்டின் அடி வரை அளப்பதுதான் பிடிமான இழப்பு, இங்கே 7 மி.மீ. ஆழத்தை மட்டும் பார்த்தால் அவர் உன் தாளில் ஆரோக்கியமானவர்! இன்னொருவருக்கு பாக்கெட் 6, ஆனால் ஈறு வீங்கி எல்லைக்கு மேல் 2 மி.மீ. ஏறியிருக்கிறது. அவருக்கு இழப்பு 4 தான். இந்த இருவரையும் மாற்றிப் போட்டால் எந்தக் கணினியும் உன்னைக் காப்பாற்றாது.

விழுந்த பல்லுக்கும் ஒரு கட்டம் வேண்டும். ஆடி விழுந்ததா, சொத்தையால் பிடுங்கியதா என்று கேட்டு எழுது. எழுதாவிட்டால், நோயால் பல் போன மோசமான இடங்கள்தான் கணக்கிலிருந்து முதலில் மறையும்.

ஒப்பீட்டுக்கு எடுக்கும் ஆரோக்கியமானவர்கள் நோயாளிகளைவிட வயதில் மூத்தவர்களாக இருக்கட்டும். 25 வயதில் நல்ல ஈறோடு இருப்பவர் 45-இல் எப்படி இருப்பார் என்று யார் கண்டது? புகைப்பதை 'ஆம், இல்லை' என்று கேட்காதே. நாளுக்கு எத்தனை, எத்தனை வருடம் என்று கேள். புகைப்பவருக்கு ஈறில் ரத்தம் குறைவாகவே கசியும், அதை நம்பி ஏமாறாதே. சர்க்கரை நோய்க்கு எச்பிஏ1சி (சுமார் மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை) எண்ணையே வாங்கு.

20 மரபணு மாற்றங்களை 0.05 என்ற வரம்பில், அதாவது தற்செயலாகத் தேற நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு விட்டுச் சோதித்தால், எதற்குமே தொடர்பு இல்லாவிட்டாலும் சராசரியாக ஒன்று தற்செயலாகத் தேறிவிடும். முழு மரபுத்தொகுதியையும் தேடும் ஆய்வில் வரம்பு 5×10⁻⁸ என்று வைத்தது அதனால்தான். கடுமையான ஈறு நோயோடு தொடர்புடையது என்று 1997-இல் பேசப்பட்ட இன்டர்லூகின்-1 (அழற்சியைத் தூண்டும் புரதம்) மரபணு வகையை நினைத்துப் பார். அதை வைத்துப் பரிசோதனையே விற்பனைக்கு வந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. சீனர்களிடம் அந்த வகையே மிக அரிது. நோயாளிகள் ஒரு வம்சத்திலும் மற்றவர்கள் வேறு வம்சத்திலும் வந்தால், வம்ச வேறுபாடு நோய் மரபணுபோல வேஷம் போடும்.

பால் பற்களே ஆடி விழுந்து, உள்ளங்கையும் பாதமும் தடித்த குழந்தை வந்தால் கூட்டத்தில் சேர்க்காதே. அது பாப்பியோன்-லெஃபெவ்ர் என்ற அரிய பரம்பரை நோய், கேதெப்சின் சி என்ற ஒற்றை மரபணுவின் கோளாறு, தனிக் கதை.

டிஎன்ஏவுக்காக எச்சில் எடுக்குமுன் அரை மணி நேரம் சாப்பாடு, தண்ணீர், புகை எதுவும் கூடாது. நோயுள்ள வாயில் பாக்டீரியா டிஎன்ஏ மண்டிக் கிடக்கும். மொத்த அளவைப் பார்த்து மகிழாதே, மனித டிஎன்ஏவைத் தனியே அளந்துகொள்.

சாம்பிள் சேர்க்கும் முன், பத்துப் பேரை நீயே சில நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து பார், முதல் தாளைப் பார்க்காமல். இரண்டு தாளையும் எனக்கு அனுப்பு. எந்தப் பல்லில் எண் விலகுகிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அம்மா