கவர்னர் வேண்டாம் என்றார், சட்டம் வந்துவிட்டது

அன்புள்ள முருகேசா,

உன் மெயிலைப் பார்த்ததுமே பதில் போட்டிருக்க வேண்டும், வருஷக் கடைசி வேலை நெருக்கடியில் தள்ளிப்போய்விட்டது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததில் எங்களுக்கெல்லாம் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவள் காலேஜில் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள், சின்னவன் நம்மையெல்லாம் விட உயரமாகிவிட்டான், எனக்கு வழக்கம்போல முட்டிவலி.

நீ கேட்டதற்கு வருகிறேன். "உங்க ஊர் கவர்னர் மசோதாவைத் திருப்பி அனுப்பினால் அப்புறம் என்னடா ஆகும், கோர்ட்டுக்கா போவீர்கள்?" என்று கேட்டிருந்தாய். நம்மூரில் மசோதாக்கள் ராஜ்பவனில் கிடந்த கதையெல்லாம் படித்துவிட்டுத்தான் கேட்கிறாய் என்று தெரிகிறது. நான் இருக்கும் இந்த அமெரிக்க மாநிலம் மிசௌரியில் கவர்னர் என்பவர் வாஷிங்டன் அனுப்பி வைத்த ஆள் இல்லை, ஜனங்கள் ஓட்டுப் போட்டு உட்கார வைத்தவர், நம் முதலமைச்சர் இடத்தில் இருப்பவர். மசோதாவைக் கிடப்பில் போட அவரால் முடியாது. சபை நடக்கும்போது 15 நாள், கூட்டத்தொடர் முடிந்த பிறகு என்றால் 45 நாள், அதற்குள் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் காரணம் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டும் செய்யாமல் சும்மா இருந்தால் அது தானாகச் சட்டமாகிவிடும். திருப்பி அனுப்பியதையும் இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு பேர் மறுபடி ஆதரித்தால் முடிந்தது, கவர்னர் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். இதற்கென்றே செப்டம்பரில் வீட்டோ செஷன் என்று ஒரு கூட்டம் போடுகிறார்கள்.

இதை நான் கண்ணால் பார்த்தது துப்பாக்கி லைசென்ஸ் விஷயத்தில்தான். கொஞ்சம் நீளமான கதை, டீ போட்டுக்கொண்டு படி.

மிசௌரியில் கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே போவது நூறு வருஷத்துக்கு மேலாகக் குற்றமாக இருந்தது. வீட்டில் வைத்துக்கொள்ளலாம், வேட்டைக்குக் கொண்டு போகலாம், மறைத்து எடுத்துப் போகக் கூடாது, அவ்வளவுதான். மாநில அரசியல் சாசனத்திலேயே ஆயுத உரிமையைச் சொல்லிவிட்டு, மறைத்து வைப்பதற்கு இது நியாயமாகாது என்று ஒரு வாலும் ஒட்டி வைத்திருந்தார்கள். 1999 ஏப்ரலில் இதற்கு லைசென்ஸ் கொடுக்கலாமா என்று நேராக ஜனங்களிடமே கேட்டார்கள். துப்பாக்கிச் சங்கமான என்ஆர்ஏ பணத்தைக் கொட்டியது. அப்போதைய கவர்னர் மெல் கார்னஹான் எதிர்த்துப் பிரசாரம் செய்தார். 51.7 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஆனால் வரைபடத்தைப் பார்த்தால் வேறு கதை: எங்கள் செயின்ட் லூயிஸ் நகரமும் அதைச் சுற்றியுள்ள கவுண்டியும் (நம் மாவட்டம் மாதிரி), அந்தப் பக்கம் கன்சாஸ் சிட்டியும் "வேண்டாம்" என்று குவித்துவிட்டன, நடுவில் இருக்கும் கிராமத்து மாநிலம் முக்கால்வாசி "வேண்டும்" பக்கம்.

அந்த நடுப்பகுதிக்காரர்கள் மறக்கவில்லை. 2002 தேர்தலில் கீழ்சபையும் குடியரசுக் கட்சி கைக்கு வந்தது. அடுத்த வருஷமே மசோதா பாஸ்: 23 வயது முடிந்திருக்க வேண்டும், 8 மணி நேரப் பயிற்சி, ஷெரிஃபிடம் (கவுண்டியின் போலீஸ் தலைவர்) விண்ணப்பம், கைரேகை, பின்னணி விசாரணை, 100 டாலர் வரை கட்டணம். ஜனநாயகக் கட்சிக் கவர்னர் பாப் ஹோல்டன் ஜூலை 3ஆம் தேதி அதை வீட்டோ செய்தார், அதாவது ஏற்காமல் திருப்பி அனுப்பினார். நான்கு வருஷம் முன்னால்தான் மக்கள் வேண்டாம் என்று சொன்னார்கள், அதை மீறி எப்படிக் கொண்டுவரலாம் என்பதுதான் அந்தப் பக்கத்து வாதம். எனக்கு அன்றைக்கும் அது சரியான வாதமாகத்தான் பட்டது. (எனக்குப் பட்டு என்ன பிரயோசனம், அப்போது எச்1பி விசா. ஓட்டும் கிடையாது, அந்த லைசென்ஸும் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான்.)

செப்டம்பரில்தான் கூத்து. செனட்டில் மொத்தம் 34 பேர், வீட்டோவைத் தள்ள 23 ஓட்டு வேண்டும். எண்ணிப் பார்த்தால் ஒன்று இடிக்கிறது. ஜான் டோலன் என்ற செனட்டர் நேஷனல் கார்ட் என்ற துணை ராணுவப் படையில் பணிக்கு அழைக்கப்பட்டு, கியூபாவில் அமெரிக்கத் தளமான குவாண்டநாமோவில் இருக்கிறார். மனுஷன் லீவு போட்டுவிட்டு, கியூபாவிலிருந்து விமானம் ஏறி மாநிலத் தலைநகர் ஜெஃபர்சன் சிட்டிக்கு வந்து ஓட்டுப் போட்டார்! சரியாக 23. ராணுவப் பணியில் இருக்கிறவர் இப்படி வந்து ஓட்டுப் போடலாமா என்று அப்புறம் பெரிய சர்ச்சை. ஆனால் சட்டம் சட்டம்தானே. ஹோல்டன் அடுத்த வருஷம் சொந்தக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலிலேயே தோற்றுப்போனார், அதற்கு வேறு காரணங்களும் உண்டு.

நீ கேட்ட மாதிரி கோர்ட்டுக்கும் போனார்கள். அரசியல் சாசனத்தில் அந்த வால் இருக்கிறதே, அதை வைத்து வழக்கு. அந்த வாசகம் மறைத்து எடுத்துப் போவதை உரிமை ஆக்கவில்லையே தவிர, சட்டசபை அனுமதித்தால் தடுக்கவும் இல்லை என்று 2004 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சாமர்த்தியமான வாசிப்புதான், வக்கீலான உனக்குப் பிடிக்கும். பத்து வருஷம் கழித்து, 2014 ஆகஸ்டில், அந்த வாலையே வெட்டிவிடலாமா என்று ஓட்டுக்கு விட்டபோது பத்தில் ஆறு பேர் வெட்டு என்றார்கள்.

அதன் பிறகு ஊர் எப்படி மாறியது என்று கேட்டால், முதலில் கண்ணில் பட்டது கதவுகள்தான். துப்பாக்கி கொண்டுவராதே என்று கடைக்காரர் சொல்ல வேண்டுமென்றால், 11 அங்குலத்துக்கு 14 அங்குலம் அட்டை, ஒரு அங்குலத்துக்குக் குறையாத எழுத்து, இதெல்லாம் சட்டத்திலேயே இருக்கிறது. லைப்ரரி, ஆஸ்பத்திரி, மளிகைக்கடை என்று ஒவ்வொன்றிலும் வட்டத்துக்குள் துப்பாக்கியைக் குறுக்கே அடித்த படம். அந்த அட்டையைத் தாண்டி ஒருவன் இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்தால் அதுவே குற்றமாகிவிடாது. வெளியே போ என்று சொல்லியும் போகாவிட்டால்தான் போலீஸ், முதல் தடவை 100 டாலர் வரை அபராதம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த அட்டைகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

என் ஆபீஸில் தெற்குப் பக்கக் கிராமத்துக்காரர் ஒருவர் உண்டு, ரொம்ப நல்ல மனிதர், மான் வேட்டை சீசன் வந்தால் ஆளைப் பிடிக்க முடியாது. ஆரம்பத்திலேயே அந்த 8 மணி நேர வகுப்புக்குப் போய் லைசென்ஸ் வாங்கியவர். பாதி நேரம் சுடுவதைப் பற்றியே இல்லை, எப்போது சுடக் கூடாது, சுட்டால் என்னென்ன வழக்கு வரும் என்பதுதான் பாடம் என்றார். சுட்டுக் காட்டியும் தேற வேண்டும். அவரோடு பேசிப் பேசித்தான் நான் கொஞ்சம் மாறினேன். மறைத்து எடுத்துப் போவது எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை, ஆனால் இவ்வளவு தூரம் மெனக்கெட்டு வாங்குகிறவன் அவசரக்காரனாக இருக்க மாட்டான் என்று தோன்றியது.

அதையும் விட்டு வைக்கவில்லை. 2016இல் லைசென்ஸ் கட்டாயமே இல்லை (விரும்பினால் வாங்கலாம்), சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கக் கூடிய எவரும் மறைத்து எடுத்துப் போகலாம் என்று மசோதா. வகுப்பும் வேண்டாம், கைரேகையும் வேண்டாம். கவர்னர் ஜே நிக்சன், இவரும் ஜனநாயகக் கட்சிதான், ஜூன் மாதம் வீட்டோ செய்தார். ஷெரிஃப் விசாரித்து உனக்கு லைசென்ஸ் கிடையாது என்று திருப்பி அனுப்பிய ஆள்கூட இனி மறைத்து எடுத்துப் போகலாமே என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. கவனித்தாயா? 2003இல் ஒரு கவர்னர் எந்த லைசென்ஸ் வரக் கூடாது என்று வீட்டோ செய்தாரோ, அதே லைசென்ஸ் போய்விடக் கூடாது என்று 2016இல் அதே கட்சிக் கவர்னர் வீட்டோ செய்கிறார். செப்டம்பரில் இரண்டு சபையும் அதையும் தூக்கி எறிந்தன, இந்த முறை யாரும் கியூபாவிலிருந்து பறந்து வர வேண்டியிருக்கவில்லை. 2017 ஜனவரி 1 முதல் அமல்.

மிசௌரி மட்டும் என்று நினைக்காதே. மிசிசிப்பி ஆற்றைத் தாண்டினால் இல்லினாய், மறைத்து எடுத்துப் போக அனுமதித்த கடைசி மாநிலம் அதுதான், 2013இல், அதுவும் ஃபெடரல் கோர்ட் கெடு வைத்த பிறகு. அங்கேயும் கவர்னர் பாட் க்வின் மசோதாவைத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினார், ஒரே வாரத்தில் சபை அவரைத் தள்ளிவிட்டுச் சட்டமாக்கியது. ஆனால் லைசென்ஸும் பயிற்சியும் அங்கே இன்னும் இருக்கின்றன. நம் ஆபீஸ் நண்பர் அந்தப் பக்கம் போனால் துப்பாக்கியைக் காரிலேயே பூட்டி வைத்துவிட்டுத்தான் இறங்குவார், முணுமுணுத்துக்கொண்டே.

இப்போது எங்கள் நகரம் படும் பாடுதான் வேடிக்கை. செயின்ட் லூயிஸ் டவுன்டவுனில் பதினாறு பதினேழு வயசுப் பையன்கள் நீளத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தால் போலீஸால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை என்று புகார். பெரியவர் துணையில்லாமல் சிறுவர்கள் தெருவில் அப்படிப் போகக் கூடாது என்று சொல்லும் திருத்தத்தைக்கூட 2023இல் மாநிலக் கீழ்சபை நிராகரித்தது. அந்த வருஷமே நகரசபை, துப்பாக்கியை வெளியே தெரியும்படி எடுத்துப் போனால் மறைத்து எடுத்துப் போகும் லைசென்ஸ் இருக்க வேண்டும் என்று விதி போட்டது. மாநிலச் சட்டம் நகரத்துக்கு விட்டு வைத்த இடைவெளி அவ்வளவுதான். ஆக, தோளில் மாட்டினால் லைசென்ஸ் வேண்டும், அதே ஆள் கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டால் வேண்டாம். நீயே சொல், இதை எந்த ஜட்ஜிடம் போய் விளக்குவாய்?

உங்கள் தாத்தாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஞாபகம் வந்தது. எலெக்‌ஷன் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, ரசீதை டைரிக்குள் வைத்துக்கொண்டு, முடிவு வந்ததும் போய் வாங்கி வருவாரே. அதை இங்கே சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை. தேர்தல் நேரத்தில் ஆயுதத்தைப் போலீஸிடம் கொடுப்பதா என்று என் ஆபீஸ்காரர் வாயைப் பிளந்தார்.

சரி, ரொம்ப நீண்டுவிட்டது. பட்டா மாறுதல் விஷயம் எந்த அளவில் இருக்கிறது? சர்வேயர் வந்தாரா, இல்லை இன்னும் நாளைக்கு என்றுதானா? ஜூனில் வரலாம் என்று பார்க்கிறேன், டிக்கெட் விலை ஒத்துவந்தால். ராமசுப்புவின் புது நம்பர் இருந்தால் அனுப்பு, பழையது எடுக்கவே மாட்டேன் என்கிறது.

அன்புடன்,
சுந்தரம்